கடல் கடந்த சதியும் தாய்நாட்டுச் சட்டமும்

ஒரு நாட்டின் குடிமகன் வேறொரு நாட்டிற்குச் சென்று, அங்குள்ள அரசைப் படைவலியால் கவிழ்க்க முற்படுகிறான். முயற்சி தோற்றுவிடுகிறது. பிடிபட்டால் அந்நாட்டுச் சட்டம் அவனைத் தண்டிக்கும், இதில் ஐயமில்லை. ஆனால், பிடிபடாமல் தப்பித் தன் தாயகம் வந்து சேர்ந்துவிட்டால்? தன் நாட்டின் ஒரு கல்லைக்கூட அவன் அசைக்கவில்லை; தன் நாட்டார் ஒருவரையும் துன்புறுத்தவில்லை. அவனைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கத் தாய்நாட்டு நீதிமன்றத்திற்கு என்ன உரிமை இருக்கிறது?

இவ்வினாவிற்கு உலக நாடுகள் விடை தேடிய வரலாறு சுவையானது மட்டுமன்று. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நம்போன்ற குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டியதும் ஆகும். அவ்வரலாற்றின் ஒரு முக்கியமான அத்தியாயம், நாம் வாழும் இம் மும்பை மாநகரை நோக்கி வந்துகொண்டிருந்த ஓர் ஏர் இந்தியா விமானத்தில் எழுதப்பட்டது என்பதை நம்மிற் பலர் அறியார். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் பிறந்த காரணம்

ஒருவன் தன் வீட்டுத் திண்ணையில் நின்றுகொண்டு அடுத்த வீட்டின் மீது கல்லெறிந்தால், அடுத்த வீட்டார் நியாயம் கேட்க வருவது அவனிடத்தில் அன்று, வீட்டுத் தலைவரிடத்திலேயாம். நாடுகளுக்கும் இம்முறை பொருந்தும். தன் மண்ணிலிருந்து ஒரு கூட்டம் கிளம்பி அயல்நாட்டைத் தாக்கினால், அந்த அயல்நாடு பகை கொள்வது அக்கூட்டத்தோடு மட்டும் நில்லாது. அதை வெளியே விட்ட நாட்டின் மீதே பாயும். சிலருடைய பேராசைக்காக ஒரு நாடு முழுவதும் போரில் இழுக்கப்படும். எனவேதான் அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1794ஆம் ஆண்டிலேயே நடுநிலைமைச் சட்டம் ஒன்றை இயற்றி, சமாதானமாக உள்ள நாட்டின் மீது தன் மண்ணிலிருந்து படையெடுப்போரைக் குற்றவாளிகள் என அறிவித்தது. இங்கிலாந்து 1870ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் படைச்சேர்க்கைச் சட்டத்தின் மூலம் அவ்வாறே செய்தது.

ஆயினும், ஏட்டில் உள்ள சட்டம் வேறு. நாட்டில் நடக்கும் நீதி வேறு. வில்லியம் வாக்கர் என்ற அமெரிக்கர் 1853ஆம் ஆண்டில் மெக்ஸிகோ மண்ணில் புகுந்து தனிக் குடியரசு ஒன்றைப் பிரகடனம் செய்து, தோற்று, ஊர் திரும்பினார். ஸான் பிரான்ஸிஸ்கோ நீதிமன்றத்தில் அவர் மீது வழக்கு நடந்தது. ஜூரிகள் எட்டே நிமிடத்தில் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தனர்! ஊக்கம் பெற்ற வாக்கர் அதன்பின் நிகராகுவாவிற்குச் சென்று, 1856ஆம் ஆண்டில் அந்நாட்டின் அதிபராகவே அமர்ந்துவிட்டார். இறுதியில் 1860 செப்டம்பரில் ஹோண்டுராஸ் நாட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். தாய்நாட்டு நீதிமன்றம் காட்டிய பரிவு, அவரை அயல்நாட்டுத் துப்பாக்கிகளின் முன்னர்க் கொண்டுபோய் நிறுத்திற்று என்றே சொல்லலாம்.

ஜேம்ஸன் படையெடுப்பு

சட்டம் சற்றே விழித்தெழுந்த வழக்கு, தென்னாப்பிரிக்காவின் ஜேம்ஸன் படையெடுப்பாகும். டிரான்ஸ்வால் குடியரசில் 1886ஆம் ஆண்டில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. தங்கம் தேடிக் குவிந்த அந்நியர்களுக்கு வாக்குரிமை தர அந்நாட்டு அதிபர் குரூகர் மறுத்தார். இந்த மனக்குறையைக் கருவியாகக் கொண்டு அவ்வரசைக் கவிழ்த்துவிடலாம் என எண்ணினார், கேப் காலனியின் பிரதமரும் பெருஞ் செல்வருமான ஸெஸில் ரோட்ஸ். அவருடைய நண்பரும் மருத்துவருமான ஜேம்ஸன், 1895 டிசம்பர் 29ஆம் நாள் ஏறத்தாழ ஐந்நூறு வீரர்களுடன் எல்லையைக் கடந்தார். ஜோகன்னஸ்பர்க் நகரில் உள்ளிருந்து கிளர்ச்சி எழும் என்பது ஏற்பாடு. கிளர்ச்சி எழவில்லை. 1896 ஜனவரி 2ஆம் நாள் டூர்ன்காப் என்னுமிடத்தில் படை சரணடைந்தது.

குரூகர் தந்திரமாக ஒரு காரியம் செய்தார். ஜேம்ஸனைத் தாமே தண்டித்துத் தியாகியாக்க அவர் விரும்பவில்லை. ‘உம் குடிமக்களை நீரே விசாரித்துக்கொள்ளும்’ என்னும் பொருள்பட அவர்களை இங்கிலாந்திடம் ஒப்படைத்துவிட்டார். இலண்டன் மக்கள் ஜேம்ஸனை ஆரவாரித்து வரவேற்றனர். ஆனால் தலைமை நீதிபதி ரஸ்ஸல் பிரபு அந்த ஆரவாரத்திற்குச் செவி சாய்க்கவில்லை. படை திரட்டப்பட்ட இடம் அரசியாரின் ஆட்சிக்கு உட்பட்டதா என்பன போன்ற நுணுக்கமான வாதங்களை எதிரிகளின் வழக்கறிஞர்கள் எழுப்பினர், அவை எடுபடவில்லை. 1896 ஜூலையில் ஜேம்ஸனுக்குப் பதினைந்து மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உடனிருந்த அதிகாரிகளும் சிறைத் தண்டனை பெற்றனர்.

இனி, இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். உடல்நலக் குறைவு காரணமாக ஜேம்ஸன் அவ்வாண்டு டிசம்பரிலேயே விடுதலை செய்யப்பட்டார். 1904ஆம் ஆண்டில் அவரே கேப் காலனியின் பிரதமரானார்! திட்டத்தின் மூளையான ரோட்ஸ் பதவியை இழந்தாரேயன்றிக் கூண்டில் ஏறவே இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்ற நம் பழமொழி, இவ்வகை வழக்குகள் அனைத்திற்கும் பொருந்துவதைப் பின்னரும் காண்போம்.

மாஹே தீவில் ஒரு மாலைப்பொழுது

இந்துமாக் கடலின் நடுவே உள்ள செஷல்ஸ் தீவுகள் 1976 ஜூன் 29ஆம் நாள் சுதந்திரம் பெற்றன. முதல் அதிபர் ஜேம்ஸ் மான்சம், 1977 ஜூனில் காமன்வெல்த் மாநாட்டிற்காக இலண்டன் சென்றிருந்தபோது, அவருடைய பிரதமர் ரெனே ஆட்சியைக் கைப்பற்றினார். நான்காண்டுகளுக்குப் பின், ரெனேயைக் கவிழ்த்து மான்சமை மீண்டும் அமர்த்த ஒரு சதி தென்னாப்பிரிக்காவில் உருவாயிற்று. அதன் தளபதி மைக் ஹோர் என்பவர். காங்கோ நாட்டுப் போரில் கூலிப்படைத் தலைவராகப் பெயர் பெற்ற இவர், 1919ஆம் ஆண்டில் நம் கல்கத்தாவில் பிறந்தவர் என்பது வியப்பான செய்தி.

1981 நவம்பர் 25ஆம் நாள், நாற்பதுக்கு மேற்பட்ட கூலிப்படையினர், பீர் அருந்தி மகிழும் சங்கத்தார் உல்லாசப் பயணம் வருவதாக வேடம் பூண்டு, ஸ்வாஸிலாந்து நாட்டு விமானத்தில் மாஹே தீவில் இறங்கினர். பைகளின் அடித்தட்டில் துப்பாக்கிகள். மேலே குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொம்மைகள்! பெரும்பாலோர் சோதனையைக் கடந்துவிட்டனர். கடைசியில் ஒருவரது பையைச் சுங்க அதிகாரி திறந்து சோதித்தபோது துப்பாக்கி வெளிப்பட்டது. விமான நிலையத்திலேயே சண்டை மூண்டது. சதி, தொடங்கிய இடத்திலேயே முடிந்தது.

அவ்வேளையில், இன்று ஹராரே என வழங்கும் ஸாலிஸ்பரி நகரிலிருந்து மாஹே வழியாகப் பம்பாய்க்கு வரும் ஏர் இந்தியா போயிங் விமானம், இரவில் தரையிறங்க வந்தது. அறுபதுக்கு மேற்பட்ட பயணிகள் அதில் இருந்தனர். கீழே நடப்பது அறியாமல், தடைகள் போடப்பட்டிருந்த ஓடுபாதையில் விமானி உமேஷ் சக்சேனா விமானத்தை இறக்கினார். தப்புவதற்கு வேறு வழி காணாத கூலிப்படையினர் அவ்விமானத்தில் ஏறி, அதனைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குச் செலுத்தச் செய்தனர். மறுநாள் காலை அங்கே சரணடைந்தனர். பயணிகள் உயிர் தப்பினர். இங்கே விமான நிலையத்தில் காத்திருந்த சுற்றத்தார் அவ்விரவை எவ்வாறு கழித்திருப்பர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஒரு வாரத்தில் விடுதலை. ஒரு மாதத்தில் மறுகைது

தாயகம் திரும்பியவர்களை அந்நாட்டு அரசு என்ன செய்தது? ஐவர் மீது மட்டும் ஆட்கடத்தல் குற்றம் சாட்டி, அவர்களையும் ஜாமீனில் விட்டது. எஞ்சிய முப்பத்தொன்பது பேரும் வழக்கே இன்றி டிசம்பர் முதல் வாரத்தில் விடுவிக்கப்பட்டனர். தென்னாப்பிரிக்கச் சட்டம் எதையும் அவர்கள் மீறவில்லை என்பது போலீஸ் அமைச்சரின் வாதம்.

உலகம் கொதித்தெழுந்தது. ஐ.நா. பாதுகாப்புச் சபை டிசம்பர் 15ஆம் நாள் 496ஆம் தீர்மானத்தின் வாயிலாக இப்படையெடுப்பைக் கண்டித்து, விசாரணைக் குழு ஒன்றையும் அமைத்தது. ஆனால் அவ்வரசை உண்மையில் அசைத்தது வேறொன்று. விமானம் கடத்துவோரை ஒப்படைக்க வேண்டும், இல்லையேல் தானே வழக்குத் தொடர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தம். அவ்வாறு செய்யாத நாட்டிற்கு விமானப் போக்குவரத்தையே நிறுத்திவிடுவோம் என ஏழு பெரிய நாடுகள் 1978ஆம் ஆண்டில் பான் நகரில் அறிவித்திருந்தன. விமானங்கள் நின்றுவிடும் என்ற அச்சம் பிறந்ததும் நீதியும் பிறந்தது! 1982 ஜனவரியில் அனைவரும் மீண்டும் கைது செய்யப்பட்டனர்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் வழக்கு நடைபெற்றது. காந்தியடிகள் 1893ஆம் ஆண்டில் இரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட அதே ஊர்தான். விமானி தாமாகவே இசைந்து தங்களை ஏற்றிச் சென்றதாக ஹோர் வாதாடினார். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 1982 ஜூலையில் நாற்பத்திரண்டு பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. ஹோருக்குப் பத்தாண்டுச் சிறை. பெரும்பாலோர் அனுபவிக்க வேண்டியிருந்த காலம் ஆறு மாதமே. ஹோரும் 1985ஆம் ஆண்டில் விடுதலை பெற்றார்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இவர்கள் தண்டிக்கப்பட்டது, ஒரு நாட்டின் அரசைக் கவிழ்க்கத் துப்பாக்கியோடு சென்றதற்காக அன்று. தப்பி ஓடும்போது விமானத்தைக் கடத்தியதற்காகவே. ஏர் இந்தியா விமானம் அன்றிரவு அங்கே வராதிருந்து, ஒரு படகில் ஏறி இவர்கள் தப்பித் தாயகம் சேர்ந்திருந்தால், கூண்டில் ஏறாமலே போயிருக்கக் கூடும். வீடு புகுந்து கொள்ளையிட வந்தவனை, வேலியை முறித்ததற்காக மட்டும் தண்டித்தது போன்ற நீதி அது.

இதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. ஆயுதங்கள் தமக்கு இராணுவத்திடமிருந்தே கிடைத்தன என ஹோர் நீதிமன்றத்தில் கூறினார். நிறவெறி ஆட்சி முடிந்தபின் அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், அந்நாட்டு இராணுவத்தையும் ஒற்றர் துறையையும் சேர்ந்தோர் இதில் ஈடுபட்டிருந்ததை 1998ஆம் ஆண்டு அறிக்கையில் உறுதி செய்தது. வேலியே பயிரை மேயும்போது சட்டத்திற்கு எங்கிருந்து வாய் வரும்?

தீவில் சிக்கிக்கொண்டவர்களின் கதி வேறு. செஷல்ஸ் நீதிமன்றம் 1982ஆம் ஆண்டில் அவர்களில் நால்வருக்கு மரண தண்டனையும், ஒருவருக்கு இருபதாண்டுச் சிறையும் விதித்தது. தண்டனை நிறைவேற்றப்படாமல் மறு ஆண்டில் அவர்கள் விடுவிக்கப்பட்டனர்.

புதிய சட்டம், புதிய பாடம்

மண்டேலாவின் ஆட்சியில், 1998ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்கா இக்குறையைப் போக்கியது. அயல்நாட்டு இராணுவ உதவி ஒழுங்குமுறைச் சட்டம் என்ற அச்சட்டம், கூலிப்படையில் சேர்வதை மட்டுமன்றி, ஆள் சேர்ப்பதையும் பயிற்றுவிப்பதையும் பணம் தருவதையும் குற்றமாக்கியது.

அதன் சோதனை விரைவில் வந்தது. 2004 மார்ச் 7ஆம் நாள், ஏறத்தாழ எழுபது பேருடன் சென்ற விமானம் ஒன்று ஹராரேயில் தடுத்து நிறுத்தப்பட்டது. காங்கோ நாட்டுச் சுரங்கங்களுக்குக் காவல் வேலைக்குப் போகிறோம் என்றனர் அவர்கள். எண்ணெய் வளம் மிக்க ஈக்குவடோரியல் கினி நாட்டின் அரசைக் கவிழ்க்கவே பயணம் என்பது பின்னர் வெளியாயிற்று. தலைவர் ஸைமன் மான் ஸிம்பாப்வே சிறையில் இருந்தபின் கினிக்கு அனுப்பப்பட்டு, 2008ஆம் ஆண்டில் முப்பத்து நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்; மறு ஆண்டு மன்னிக்கப்பட்டார். இங்கிலாந்தின் முன்னாள் பிரதமர் தாட்சர் அம்மையாரின் மகன் மார்க் தாட்சர், கேப் டவுனில் கைதாகி, ஒரு ஹெலிகாப்டருக்குப் பணம் தந்த குற்றத்தை 2005 ஜனவரியில் ஒப்புக்கொண்டார். முப்பது இலட்சம் ராண்ட் அபராதமும், நிறுத்திவைக்கப்பட்ட நான்காண்டுச் சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டன. ரோட்ஸ் காலத்தில் தப்பிய பணப்பை, நூறாண்டுகளுக்குப் பின் சட்டத்தின் கைக்கு எட்டியது எனலாம்.

மற்றொரு தீர்ப்பு இதனினும் முக்கியமானது. ஹராரே சிறையில் வாடிய அறுபத்தொன்பது தென்னாப்பிரிக்கர்கள், எங்களை மீட்டுத் தாருங்கள் எனத் தம் நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றத்தை அணுகினர். 2004 ஆகஸ்டில் நீதிமன்றம் கூறிய விடை இதுவே: உதவி கோரும் உரிமை குடிமகனுக்கு உண்டு, அக்கோரிக்கையை ஆராயும் கடமை அரசுக்கு உண்டு, ஆனால், இன்ன வகையில் மீட்டே தீர வேண்டும் என நீதிமன்றத்தால் கட்டளையிட முடியாது. அந்நிய மண்ணில் குற்றம் செய்து சிக்கியவனுக்குத் தாய்நாட்டின் கை நீளுமா என்பது தாய்நாட்டின் முடிவே என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டுச் சட்டம்

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 125ஆம் பிரிவில் இக்குற்றத்தை விதந்து கூறியது. இந்திய அரசோடு நட்பாகவோ சமாதானமாகவோ உள்ள ‘ஆசிய அரசு’ ஒன்றின் மீது போர் தொடுப்போருக்கும், முயல்வோருக்கும், தூண்டுவோருக்கும் ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். அயல்நாட்டு எல்லைக்குள் புகுந்து கொள்ளையிடுவது அடுத்த பிரிவின்படி குற்றம். அக்கொள்ளைப் பொருள் என அறிந்தே வாங்குவதும் குற்றமே. 2020ஆம் ஆண்டில் கொச்சி சிறப்பு நீதிமன்றம், ஈராக் நாட்டில் போரிட்ட பயங்கர இயக்கத்தில் சேர்ந்து திரும்பிய ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது இந்த 125ஆம் பிரிவும் பயன்பட்டது.

‘ஆசிய அரசு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். செஷல்ஸ் ஆப்பிரிக்காவைச் சார்ந்த நாடு. ஹோரின் கூட்டத்தில் இந்தியர் ஒருவர் இருந்திருந்தால், அவர் மீது இப்பிரிவு பாய்ந்திருக்காது! 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா இக்குறையை நீக்கியது. அதன் 153ஆம் பிரிவு, இந்தியாவோடு சமாதானமாக உள்ள எந்த அயல்நாட்டு அரசின் மீது போர் தொடுப்பதையும் குற்றமாக்குகிறது. குற்றம் வெளிநாட்டில் நிகழ்ந்தாலும் இந்தியக் குடிமகனை இங்கே விசாரிக்கலாம். அதற்கு மத்திய அரசின் முன்னனுமதி வேண்டும். அயல்நாட்டு நட்புறவுக்குத் தீங்கு எனக் கருதினால், 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி கடவுச்சீட்டையும் அரசு கைப்பற்றலாம்.

இவையெல்லாம் நமக்குத் தொலைவான செய்திகள் அல்ல. 1988 நவம்பர் 3ஆம் நாள் மாலத்தீவு அரசைக் கவிழ்க்கச் சென்ற ஏறத்தாழ எண்பது பேர் இலங்கைத் தமிழ் இளைஞர்களே. தம் உரிமைக்காக ஆயுதம் ஏந்திய ஓர் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள், அந்நாட்டு வணிகர் ஒருவரின் பதவி ஆசைக்கு அம்புகளாயினர். அன்றிரவே இந்தியப் படை அங்கே இறங்கியது. தப்பிச் சென்ற கப்பலைக் கடற்படை மடக்கியது. பிடிபட்டோர் மாலத்தீவில் விசாரிக்கப்பட்டனர்.

கொடுங்கோலாயினும்?

ஒரு வினா எஞ்சி நிற்கிறது. கவிழ்க்கப்பட வேண்டிய அரசு உண்மையிலேயே கொடுங்கோல் அரசாயின்? காம்பியா நாட்டில் பிறந்து அமெரிக்கக் குடிகளான சிலர், ஜாமே என்பவரின் கொடிய ஆட்சியை ஒழிக்க 2014 டிசம்பர் 30ஆம் நாள் முயன்று தோற்றனர். தப்பித் திரும்பியவர்கள் மீது அதே 1794ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்குத் தொடரப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 2016ஆம் ஆண்டில் கிடைத்த தண்டனை மிகக் குறைவு. அதிகம் பெற்றவருக்கு ஓராண்டும் ஒரு நாளும். நோக்கம் தண்டனையைக் குறைக்கலாம். குற்றத்தை அழிக்காது என்பதே இதன் பொருள். ஜாமேயோ அவ்வாண்டுத் தேர்தலில் தோற்று, அண்டை நாடுகளின் நெருக்குதலால் 2017 ஜனவரியில் நாட்டைவிட்டு வெளியேறினார். நள்ளிரவுத் துப்பாக்கி சாதிக்காததை வாக்குச் சீட்டுத் தொடங்கி வைத்தது.

எல்லாக் காலத்திலும் வாக்குச் சீட்டு வெல்லும் எனச் சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆனால், எந்த அயல் அரசு கொடியது என்பதைத் தனி மனிதன் ஒவ்வொருவனும் தானே முடிவு செய்து துப்பாக்கி தூக்கலாம் என்றால், ரோட்ஸும் ஹோரும் சொன்னதும் அதுவேயன்றோ? நன்னோக்கம் கொண்டவனுக்குத் திறந்த கதவு, கூலிக்காரனுக்கும் திறந்ததே ஆகும்.

நம் பிள்ளைகள் பலர் கடல் கடந்து வேலைக்குச் செல்கின்றனர். ‘காவல் வேலை, கை நிறையச் சம்பளம்’ என்னும் அழைப்பு அவர்களையும் தேடி வரும். ஹராரேயில் பிடிபட்டவர்கள் சொன்னதும் காவல் வேலை என்பதே. வேலை வாக்களித்து இந்திய இளைஞர்களை ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பிய தரகர்கள் மீது 2024 மார்ச்சில் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிவு செய்தது. ஒப்பந்தத்தில் ஒப்பமிடுமுன், வேலை தருபவர் யார், இடம் எது, தோளில் மாட்டப்போவது எந்தப் படையின் துப்பாக்கி எனக் கேட்கும் கடமை பிள்ளைகளுக்கு உண்டு. கேட்கச் சொல்லும் கடமை பெற்றோருக்கு உண்டு. வரலாற்றில் திட்டம் தீட்டியோர் பலர் மாளிகையில் இருந்தனர்; சிறையில் இருந்தோர் அவரை நம்பிச் சென்றோரே. அச்சிறைகளின் வாயிலில் காத்து நின்றவர்கள் அவர்களுடைய தாய்மார்கள்.